கயிறு கையில் இருந்தால்தான் பாட்டு வரும்: திருகோணமலையில் பண்பாட்டு ஆய்வு செய்யப்போகும் பிள்ளைகளுக்கு

திருகோணமலையில் சல்லி என்ற மீனவ ஊரின் கரையில் ஒரு பெரியவரைச் சந்திக்கப் போன முதல் நாள், என்னிடம் ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் இருபத்திரண்டு கேள்விகள் எழுதிய தாளும் இருந்தன. நான் தமிழ் படித்தவள். கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டுகளைச் சேகரித்து, அவற்றின் சொற்களை ஆராய்ந்து ஆய்வேடு எழுதுவது என் திட்டம். அவர் தம் வாடியின், அதாவது கரையில் உள்ள மீனவர் கொட்டிலின், முன்னால் கதிரையைப் போட்டு அமர்ந்து, வந்த பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்ற நல்ல மனத்தோடு பாடத் தொடங்கினார். இரண்டு அடி வந்தது. மூன்றாவது அடி வரவில்லை. திரும்பவும் தொடங்கினார். திரும்பவும் அதே இடத்தில் நின்றது.

"பிள்ளை, கயிறு இல்லாமல் இது வராது" என்றார். மகனைக் கூப்பிட்டு ஒரு கயிற்றைக் கொண்டுவரச் செய்தார். ஒரு நுனியை வாடிக் கம்பில் கட்டி, மறு நுனியை அப்பாவும் மகனும் பிடித்து, குதிகாலை மணலில் ஊன்றிச் சாய்ந்து இழுத்தார்கள். ஒன்பது நிமிடம் பாட்டு நிற்காமல் வந்தது.

இருபத்திரண்டு கேள்விகளில் ஒன்றைக்கூட அன்று நான் கேட்கவில்லை. அந்தப் பாட்டு அவருடைய நினைவில் இருந்ததைவிடத் தோளிலும் முதுகிலும் அதிகமாக இருந்தது. சொல்லை மட்டும் படித்த எனக்கு அதைப் படிக்கத் தெரியாது. காற்றின் திசை, நீரோட்டம், கூலி, பங்கு, மூச்சு, தாளம் எல்லாம் தெரிந்தவர்களைத் தேடிப் போக வேண்டியிருந்தது. பல துறைகளைச் சேர்த்து ஆய்வு செய்ய வேண்டும் என்று நான் விரும்பிப் போகவில்லை. அந்தப் பாட்டு என்னை இழுத்துக்கொண்டு போனது.

இப்போது இறுதியாண்டு மாணவர்கள் சிலருக்கு ஆய்வில் துணை நிற்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் அவர்களிடம் வாய்மொழியாகச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கேள்வியைச் சிறிதாக்குதல்

"திருகோணமலையின் பண்பாடு" என்று ஒரு தலைப்பைக் கொண்டுவருகிறார்கள். "கன்னியா வெந்நீரூற்றுகளின் வரலாறும் பண்பாடும்" என்று கொண்டுவருகிறார்கள். இவை தலைப்புகள், கேள்விகள் அல்ல. தலைப்பை வைத்து நூலகத்தில் ஆறு மாதம் உட்காரலாம், ஒரு கேள்வியும் பிறக்காது.

கன்னியாவையே எடுத்துக்கொள்வோம். அங்கே ஏழு கிணறுகள் உள்ளன. ஒவ்வொன்றின் சூடும் வேறு. இராவணன் தன் தாய்க்குக் கடன் செய்த இடம் என்பது நம்முடைய ஐதிகம். அதனால் இறந்தவர்களுக்கான கிரியைகளை அங்கே செய்கிற வழக்கம் உண்டு. தொல்லியல், நிலவுரிமை, வழிபாட்டுரிமை என்று பல விவாதங்களும் அந்த இடத்தைச் சுற்றி இருக்கின்றன. இத்தனையையும் ஓர் ஆய்வேட்டில் அடக்க முயன்றால் எல்லாமே மேலோட்டமாகப் போகும். ஆனால் "குளிக்க வருகிறவர்கள் எந்தக் கிணற்றில் தொடங்குகிறார்கள், எதில் முடிக்கிறார்கள், ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு நீங்கள் மூன்று காலைப்பொழுது அங்கே அமர்ந்து எண்ண வேண்டும். ஒரு வெப்பமானியைக் கடன் வாங்கி, காலையும் மாலையும் ஏழு கிணறுகளையும் அளக்க வேண்டும். குடும்பங்களிடம் பேச வேண்டும். வெப்பமானி சொல்லும் ஒழுங்கும் மக்கள் பின்பற்றும் ஒழுங்கும் பொருந்தாமல் போகும் இடம் ஒன்று இருந்தால், உங்கள் ஆய்வு அந்த இடத்தில்தான் இருக்கிறது. நம்பிக்கையா, பழக்கமா, குழந்தைகளின் வசதியா, கூட்டமா என்று அங்கிருந்து தேடலாம். பெரிய விவாதங்கள் தாமாக அந்தச் சிறிய கேள்விக்குள் வந்து சேரும்.

என் கேள்வியும் இப்படித்தான் சுருங்கியது. "அம்பாப் பாடல்கள்: ஓர் ஆய்வு" என்று தொடங்கியது, "வின்ச் வந்த பிறகு பாட்டு ஏன் நின்றது?" என்று முடிந்தது. உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் என்ற கயிறு சுற்றும் பொறி வலையை இழுக்கும்போது இருபது முப்பது பேர் சேர்ந்து மூச்சை ஒன்றாக்கத் தேவையில்லை. மூச்சை ஒன்றாக்கத் தேவையில்லாத இடத்தில் பாட்டுக்கும் வேலை இல்லை. இவ்வளவுதான் விடை என்று முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால், ஆள் கிடைக்காததால் வின்ச் வந்ததா, வின்ச் வந்ததால் ஆட்கள் வேறு தொழிலுக்குப் போனார்களா என்ற கேள்வி குறுக்கே நின்றது. அதற்குள் பொருளியலும், 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டமும், வின்ச் பயன்படுத்தலாமா கூடாதா என்று அமைச்சு வரை போன வாக்குவாதமும் வந்தன. ஒரு பாட்டிலிருந்து சட்டப் புத்தகத்துக்குப் போவேன் என்று நான் கனவிலும் எண்ணியதில்லை.

உங்கள் கேள்வி சரியானதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான். அதை உங்கள் அம்மம்மாவிடம் சொல்லுங்கள். அவர் உடனே ஒரு விடையைச் சொல்லி, அந்த விடை உங்களுக்குப் போதாமல் இருந்தால் கேள்வி நல்லது.

வேலியில் ஒரு பொட்டு

பல துறை ஆய்வு என்றதும் ஐந்தாறு துறைகளின் பெயர்களை முன்மொழிவில் அடுக்குகிறார்கள். வேண்டாம். உங்களுக்கு ஒரு துறை வீடு. இன்னொரு துறை அயல்வீடு. நடுவில் உள்ள வேலியில் ஒரு பொட்டு, ஆள் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி, வையுங்கள், அது வழியாகப் போய் வாருங்கள். மூன்றாவது வீட்டுக்கு எப்போதாவது ஒரு தேவைக்குப் போகலாம். எல்லா வீட்டிலும் சாப்பிடப் போனால் எந்த வீட்டிலும் வயிறு நிறையாது.

அயல்வீட்டுக்குப் போகும் முறை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான ஆய்வுகள் இங்கேதான் தடுக்கி விழுகின்றன. அந்தத் துறையின் உச்சியில் இருக்கும் கோட்பாட்டு நூலை எடுத்து மேற்கோள் காட்டுவது எளிது. அதன் அடிப்படைப் பாடத்தை முதலாம் ஆண்டு மாணவரைப்போல உட்கார்ந்து கேட்பதுதான் கடினம். அதைச் செய்யுங்கள். கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல், வணிகக் கற்கைகள், சித்த மருத்துவம், பிரயோக விஞ்ஞானம் எல்லாம் ஒரே வளவுக்குள் இருக்கின்றன. பத்து நிமிட நடை. தொடர்பாடல் படிக்கும் பிள்ளை நாட்டு வைத்தியம் பற்றி எழுதப்போகிறது என்றால், சித்த மருத்துவ விரிவுரையாளர் ஒருவரிடம் போய் இரண்டு வகுப்புகளில் பின்வரிசையில் இருக்க அனுமதி கேட்கலாம். நான் கேட்டுவிட்டு மறுக்கப்பட்டது ஒரே ஒரு முறைதான்.

பிறகு ஒரு சிறிய பயிற்சி. இரண்டு துறைகளிலும் வழங்கும் ஒரே சொல்லை எடுத்து, அங்கே என்ன பொருள், இங்கே என்ன பொருள் என்று எழுதுங்கள். நான் "பருவம்" என்ற சொல்லை எடுத்தேன். வளிமண்டலவியல் படித்தவருக்கு அது தென்மேற்குப் பருவக்காற்று, வடகீழ்ப் பருவக்காற்று. சல்லிக் கரையில் அது கச்சான், வாடை. கச்சான் தரையிலிருந்து கடலுக்கு வீசும் காலத்தில் நம்முடைய கடல் அமைதியாக இருக்கும், கரைவலை போடலாம். வாடை தொடங்கினால் கடல் கொந்தளிக்கும், வலை வாடிக்குள் போகும். காற்று ஒன்றுதான். ஆனால் பெரியவர் கச்சான் என்று சொல்லும்போது அதற்குள் கடன் அடைப்பதும், கோயில் திருவிழாவும், பிள்ளையின் கலியாணமும் இருக்கின்றன. வானிலைப் பதிவேட்டில் அவை இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் எனக்கு ஓர் அத்தியாயம் கிடைத்தது.

இப்படி ஆய்வு செய்வது மேற்கிலிருந்து வந்த புதுப்பழக்கம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. பண்பாட்டு ஆய்வு என்ற பெயரில் ஒரு நிலையம் 1964 இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது உண்மை. அதை ரிச்சர்ட் ஹொகார்ட் தொடங்கினார், பின்னர் ஸ்டூவர்ட் ஹோல் நடத்தினார். ஆனால் அதே பல்கலைக்கழகத்தில்தான் நம்முடைய தமிழறிஞர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும் ஜோர்ஜ் தொம்சன் என்ற கிரேக்க அறிஞரின் வழிகாட்டலில் பழந்தமிழ் இலக்கியத்தையும் நாடகத்தையும் சமூக வரலாற்றோடு வைத்து ஆராய்ந்தார்கள். அவர்களுக்கும் முன்னே விபுலானந்த அடிகள் இருக்கிறார். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி, மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர், நம்முடைய இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்தவர். பழைய இலக்கியத்தில் இருந்த யாழைக் கணிதத்தையும் ஒலியியலையும் கொண்டு மீட்டெடுத்து அவர் எழுதிய யாழ்நூல் 1947 இல் அரங்கேறியது. தமிழ் தெரியாத விஞ்ஞானியாலும் விஞ்ஞானம் தெரியாத பண்டிதராலும் அது முடிந்திருக்காது. முன்மொழிவு எழுதும்போது யாராவது "இது எந்தத் துறை?" என்று கேட்டால், இந்த வரிசையில் நிற்கிறோம் என்று தலை நிமிர்ந்து சொல்லுங்கள்.

என்னிடமும் கேட்டார்கள். ஓர் ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரை, எந்தத் துறைக்கும் உரியதாக இல்லை என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிறகு அதே கட்டுரையின் முன்பக்கத்தில், எந்தக் கேள்விக்கு எந்தத் துறையின் முறையை, எந்த அளவுக்கு, யாரிடம் கற்றுப் பயன்படுத்தினேன் என்று ஒரு பக்கம் எழுதிச் சேர்த்து வேறோர் இதழுக்கு அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். அந்த ஒரு பக்கத்தை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். நீங்கள் எழுதிவிடுங்கள்.

ஏடுகளைத் தேடுமிடங்கள்

முதலில் வீட்டிலிருந்தபடியே பார்க்கக்கூடியது நூலகம் இணைய நூலகம். 2005 இல் தன்னார்வலர்கள் தொடங்கியது. இலங்கைத் தமிழ் நூல்களும் இதழ்களும் மலர்களும் அங்கே மின்வடிவில் கிடைக்கின்றன. உங்கள் ஊர்ப் பெயரை மட்டும் இட்டுத் தேடாதீர்கள். பழைய எழுத்துக்கூட்டல், கோயிலின் பெயர், பாடசாலையின் பெயர் என்று மாற்றி மாற்றித் தேடுங்கள்.

அடுத்து, ஆய்வாளர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகிற மூன்று வகை ஏடுகள். கும்பாபிஷேக மலர்கள். பாடசாலை ஆண்டு மலர்கள். முப்பத்தோராம் நாளில் உறவினர்கள் வெளியிடும் கல்வெட்டு என்ற நினைவுச் சிறுநூல்கள். இந்த மூன்றாவதில் வம்சாவளி இருக்கும். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் பெண் எடுத்தார்கள், யார் எந்தத் தொழிலில் இருந்தார்கள், யார் எந்த ஆண்டில் வெளிநாடு போனார்கள் என்பதெல்லாம் இருக்கும். சல்லியில் ஒரு குடும்பத்தின் நான்கு கல்வெட்டுகளை ஒரு மேசையில் பரப்பியபோது, வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் குடும்பம் ஒன்று மூன்று தலைமுறையில் கடலை விட்டு விலகிய பாதை முழுவதும் எனக்குத் தெரிந்தது. எந்தப் புள்ளிவிவரமும் அதைத் தந்திருக்காது. அவை துக்க வீட்டு ஏடுகள் என்பதை மறக்காதீர்கள். கேட்டு வாங்குங்கள், பிரதி எடுத்ததும் கையோடு திருப்பிக் கொடுங்கள்.

கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஒல்லாந்தர் கால ஆவணங்களும் பிரித்தானிய அரசாங்க அதிபர்களின் நாட்குறிப்புகளும் உள்ளன. போவதற்கு முன்பே ஆண்டையும் பொருளையும் குறித்துக்கொண்டு போனால் இரண்டு நாளில் வேலை முடியும். வெறுமனே போய் அமர்ந்தால் இரண்டு கிழமையும் போதாது.

சனத்தொகைக் கணக்கெடுப்பைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1981 க்குப் பிறகு முழு நாட்டையும் உள்ளடக்கிய கணக்கெடுப்பு 2012 இல்தான் நடந்தது. 2001 இல் வடக்கு கிழக்கின் பல பகுதிகளில் முழுமையாக எடுக்க முடியவில்லை. இடையில் உள்ள 31 ஆண்டுகளில் நம்முடைய மாவட்டத்தில் நடந்த இடப்பெயர்வுகள் எல்லாம் அந்த இடைவெளிக்குள் இருக்கின்றன. இரண்டு எண்களுக்கு நடுவே ஒரு நேர்கோட்டை வரைந்து "வளர்ச்சி" என்று எழுதிவிடாதீர்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே மனிதர்கள் ஓடிய பாதைகள் இருக்கின்றன.

கற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரியகுளத்துக்கு அருகில் உள்ள வெல்கம் விகாரையில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அந்தப் பௌத்தப் பள்ளியின் பெயர் அவற்றில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று வருகிறது. ஒரு மாணவியை நான் அங்கே அழைத்துப் போனேன். தமிழ் என்றால் சைவம், பௌத்தம் என்றால் சிங்களம் என்று பாடசாலையிலிருந்து கொண்டுவந்த பிரிப்பு அந்தக் கல்லின் முன்னால் நிற்கவில்லை. அவள் வெகுநேரம் பேசாமல் இருந்தாள். திருகோணமலையில் ஆய்வு செய்ய வருகிற யாரும், எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும், முதல் மாதத்திலேயே அங்கே ஒருமுறை போய்வர வேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன். பிரெட்ரிக் கோட்டை வாசலில் உள்ள இரட்டை மீனையும் கல்வெட்டையும் பாருங்கள். பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். 1950 இல் நகரில் நிலத்தைத் தோண்டும்போது கோயிலின் பழைய விக்கிரகங்கள் வெளிப்பட்டன. 1956 இல் சுழியோடிகள் கடலுக்கடியில் கோயிலின் சிதைவுகளைக் கண்டார்கள். ஒரே கோயிலுக்கு நிலம், கடல், கோட்டைச் சுவர், தேவாரம் என்று நான்கு சாட்சிகள். ஒன்றை மட்டும் கேட்டு எழுதியவர்கள் எத்தனை பேர்!

கரையில் எப்படிப் பேசுவது

வலை இழுக்கும் நேரத்தில் போய்க் கேள்வி கேட்காதீர்கள். அந்த நேரத்தில் கையைக் கழுவி உங்களுக்கு விடை சொல்பவருக்குப் பங்கு குறையும். வலை பொத்தும் நேரத்தில் போங்கள். கை வேலை செய்துகொண்டிருக்கும், வாய்க்கு ஓய்வு, நேரமும் இருக்கும்.

அழைக்கும் முறை முக்கியம். தமிழ்க் கிராமத்தில் ஐயா, அம்மா, அண்ணை, அக்கா. கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம் சகோதரர்களிடம் நானா, காக்கா, ராத்தா. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் போய் நிற்காதீர்கள். சிங்களக் கிராமத்தில் பெரியவரை மதிப்பதாக எண்ணி "ஐயா" என்று அழைத்தால் அங்கே அதற்கு அண்ணன் என்று பொருள். இதெல்லாம் சின்ன விடயங்கள் என்று நினைக்காதீர்கள். எந்த உறவுமுறையில் அழைக்கிறீர்களோ அந்த உறவுக்குரிய கதைதான் உங்களுக்குச் சொல்லப்படும்.

ஆண்டுகளைக் கேட்காதீர்கள். "எந்த ஆண்டு வின்ச் வந்தது?" என்று நான் கேட்டபோது ஆறு பேர் ஆறு ஆண்டு சொன்னார்கள். பிறகு கேட்கும் முறையை மாற்றினேன். 64 மார்கழிப் புயலுக்கு முன்னா, பின்னா? சுனாமிக்கு முன்னா, பின்னா? கிண்ணியாவுக்குப் பாதை என்ற மிதவைப் படகில் கடந்த காலமா, 2009 இல் பாலம் திறந்த பிறகா? உங்கள் மூத்த மகள் நடக்கத் தொடங்கிவிட்டாளா? இப்படிக் கேட்டால் ஆறு பேரின் விடையும் ஓர் இடத்தில் வந்து சேரும். களத்துக்குப் போகும் முன் அந்த ஊருக்குரிய இந்த அடையாள நிகழ்வுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, நான் மிகவும் கவலையோடு சொல்வது. இந்த மாவட்டத்தில் போரும் கடலும் தொடாத வீடு குறைவு. நீங்கள் பாட்டைப் பற்றிக் கேட்கப் போவீர்கள். பாட்டைச் சேர்ந்து பாடியவர் யார் என்று கேட்பீர்கள். அவர் காணாமற்போனவராக இருப்பார். அந்த இடத்தில் கருவியை நிறுத்துங்கள். "நிறுத்திவிட்டேன்" என்று சொல்லி, நிறுத்தியதைக் காட்டுங்கள். அவர் தொடர்ந்து பேச விரும்பினால் கேளுங்கள், எழுதாதீர்கள். மறுபடி வேறொரு நாள் போய், அதைப் பயன்படுத்தலாமா என்று தனியாகக் கேளுங்கள். பல்கலைக்கழக அறநெறிக் குழுவின் படிவத்தில் ஒப்பம் வாங்க வேண்டும் என்று இருக்கும். ஆனால் பதிவு, நிவாரணம், விசாரணை என்று எத்தனையோ தாள்களில் ஒப்பமிட்ட மக்கள் இவர்கள். தாளைக் கண்டதும் பேச்சு மாறும். படிவத்தை உரத்து வாசித்து, அவர் சம்மதிப்பதை அவருடைய குரலிலேயே பதிவுசெய்யக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். பெயரை மாற்றினால் மட்டும் ஆள் மறைந்துவிட மாட்டார். சிறிய கரையில் "மூன்று தோணி வைத்திருந்த சம்மாட்டி" என்று எழுதினாலே ஊருக்குத் தெரிந்துவிடும். கடற்படை முகாம்கள் அருகில் படம் எடுப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள், உங்களுக்காக அல்ல, உங்களோடு நிற்கும் ஊர்க்காரருக்காக.

என் ஆய்வின் பெரிய பிழையையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஐந்து மாதம் நான் ஆண்களோடு மட்டும் பேசினேன். வலை இழுப்பது ஆண்கள், பாடுவது ஆண்கள் என்ற எண்ணம். ஒருநாள் பெரியவர் பங்கு பிரித்த கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, குசினிக்குள் இருந்து அவருடைய மனைவி "அது பிழை" என்றார். வெளியே வந்து, சம்மாட்டிக்கு எவ்வளவு, இழுத்தவர்களுக்கு எவ்வளவு, மீன் சேரும் வலை மடியிலிருந்து சிந்திய மீன் யாருக்கு, கருவாட்டுக்கு ஒதுக்கியது எவ்வளவு என்று வரிசையாகச் சொன்னார். முப்பது ஆண்டுக் கணக்கு அவருடைய தலைக்குள் இருந்தது. மூன்றாம் அத்தியாயத்தை முழுவதும் திரும்ப எழுதினேன்.

ஒலிப்பதிவு பற்றிச் சுருக்கமாக: கச்சான் காற்றில் ஒலிவாங்கி இரைச்சலைத்தான் பிடிக்கும், ஒரு தடித்த காலுறையை அதன்மேல் மாட்டுங்கள். அன்றிரவே கோப்புக்குத் திகதியும் இடமும் பெயராக இட்டு இரண்டு இடங்களில் சேமியுங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் இறக்க எனக்கு ஏழு மணி நேரம் ஆகிறது. அதற்கேற்ப நாட்களை ஒதுக்குங்கள். பேச்சை மேடைத் தமிழாக்காதீர்கள், அவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள்.

எழுதும்போது

"முதல் அத்தியாயம்: இலக்கிய நோக்கு. இரண்டாம் அத்தியாயம்: சமூகவியல் நோக்கு. மூன்றாம் அத்தியாயம்: பொருளியல் நோக்கு." இப்படி ஒரு பொருளடக்கத்தைப் பார்த்தால் நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். மூன்று துறைகளைத் தனித்தனிச் சாப்பாட்டுப் பொதியாகக் கட்டி அருகருகே வைப்பதால் துறைகள் பேசிக்கொள்ளாது.

பொருளின் நடையைப் பின்பற்றி எழுதுங்கள். என் ஆய்வேட்டின் அத்தியாயங்கள் வலையின் நாளைப் பின்பற்றின. ஒரு கயிற்று நுனியைக் கரையில் விட்டுத் தோணி வலையோடு கடலுக்குப் போகிறது. அரைவட்டமாக வளைத்து மறு நுனியைக் கரைக்குக் கொண்டுவருகிறது. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுக்கிறார்கள். மடி கரையேறுகிறது. பங்கு பிரிக்கிறார்கள். வளைக்கும் அத்தியாயத்துக்கு நீரோட்டம் தெரிந்தவர் தேவைப்பட்டார். இழுக்கும் அத்தியாயத்துக்கு இசை ஆசிரியை ஒருவர் வந்தார். பாட்டின் சொற்களை எழுதி, கயிறு இழுபடும் இடத்திலெல்லாம் ஒரு கோடு போடச் சொன்னார். அந்தக் கோடுகளைப் பார்த்த பிறகுதான் நான் பொருளற்றவை என்று ஒதுக்கிவைத்த "ஏலேலோ" க்களின் வேலை தெரிந்தது. பலம் முழுவதும் விழும் இடங்கள் அவைதான். முழுப் பலத்தோடு இழுக்கும்போது பொருள் உள்ள சொல்லைச் சொல்வது கடினம். பங்கு பிரிக்கும் அத்தியாயத்துக்குப் பொருளியலும் அந்த அம்மாவின் கணக்கும் சேர்ந்தே வந்தன. இரண்டும் முரண்பட்ட இடத்தை நான் மறைக்கவில்லை.

கோட்பாட்டில் ஒன்றை எடுங்கள். அதை ஊருக்குப் பொருத்திப் பார்த்து, பொருந்தாத இடத்தை வெளிப்படையாக எழுதுங்கள். கலைச்சொற்களுக்குத் தமிழ் தேடும்போது அவசரப்பட்டு அகராதியைத் திறக்காதீர்கள். கரையில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கலாம்.

எழுதி முடித்ததும், ஒப்படைப்பதற்கு முன், எங்கே தொடங்கினீர்களோ அங்கே கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள். முழுவதையும் வேண்டாம், அவர்களைப் பற்றிய பக்கங்களை. அதற்கு ஒரு மாதத்தைத் திட்டத்திலேயே ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் அது நடக்காது. நான் போனபோது பெரியவர் வாடிக்குள் படுத்திருந்தார். பக்கங்களை வாசித்தேன். முதல் நாள் பதிவுசெய்த ஒன்பது நிமிடத்தையும் தொலைபேசியில் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். நான்காவது நிமிடத்தில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"இந்த இடம் பிழை. அன்றைக்குக் கம்பைத்தானே இழுத்தோம். கம்பு அசையாது. கடல் கொஞ்சம் தரும், கொஞ்சம் திரும்ப எடுக்கும். அது எடுக்கும்போது நாங்கள் காத்து நிற்க வேண்டும், அங்கே பாட்டு நீளும். இதில் நீளவில்லை."

அந்த நீட்சியை நான் எங்கும் எழுதவில்லை. ஒப்படைக்க இருபது நாள் இருந்தது. வாடை தொடங்கிவிட்டது, வலைகள் எல்லாம் உள்ளே. அவர் சொன்னதை அப்படியே அடிக்குறிப்பாகச் சேர்த்து ஒப்படைத்தேன். அடுத்த கச்சானில், கையால் இழுக்கும் கரைவலை ஒன்று இன்னும் இருக்கிற கரையைத் தேடிப் போனேன். இறக்கக்கண்டிக்கு அப்பால் ஒன்று இருந்தது. இந்த முறை கேள்வித்தாளை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். விடியற்காலை நான்கு மணிக்கு, கயிற்றின் கடைசி ஆளாக என்னையும் நிற்கவிட்டார்கள்.